காற்றோடு கதைக்காத குஷன் நானா

திருகோணமலையில் மனைவியோடு கதைக்காதவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் தம்பியோடு கதைக்காதவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மேலதிகாரியோடு ஏழு வருடம் ஒரு சொல்லும் பேசாமல் ஓய்வு பெற்றுப் போன ஒருவர் எங்கள் கந்தோரிலேயே இருந்தார். ஆனால் காற்றோடு கோபித்துக்கொண்டு, கதைபேச்சை நிறுத்தி, இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கோபத்தைச் சூடு ஆறாமல் காப்பாற்றியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் குஷன் நானா.

உட்துறைமுக வீதிப் பக்கமாக, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவருடைய கடை இருந்தது. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, பஸ் என்று சீற் உள்ள எதற்கும் ஸ்பொஞ் வைத்து றெக்சீன் தைப்பார். அடையாள அட்டையில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அதை நான் பார்த்ததில்லை. சீற் தைப்பதால் குஷன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் கூப்பிடும் முறையில் நானா. வீடு கிண்ணியாவில். தினமும் பஸ்ஸில் பாலம் கடந்து வருவார். வந்தால் ஜன்னல் ஓரத்துச் சீற்றில்தான் உட்காருவார். காற்று வாங்க அல்ல, ஜன்னலை இழுத்து மூட.

"நானா, அவிஞ்சு சாகிறம், கொஞ்சம் திறவுங்கோ" என்று பின்னாலிருந்து யாராவது கெஞ்சுவார்கள்.

"அவிஞ்சாலும் காரியமில்ல. அவன உள்ளுக்கு விடமாட்டன்."

"எவனை?"

"அது எனக்கும் அவனுக்கும் உள்ள பழைய கத."

கடையில் மின்விசிறி கிடையாது. அந்த வெக்கையில் ஒரு மனிதன் எப்படித்தான் தையல் மெஷின் மிதிக்கிறார் என்று கேட்டால், "ஃபேன் என்னத்துக்கு? வெளிய நிக்கிறவன நாமளே கரண்ட் செலவழிச்சு உள்ளுக்குக் கூப்பிடுறதா?" என்பார்.

கோபத்தின் வரலாறு இதுதான். வாலிபத்தில் அவர் கூடாரம் தைக்கிறவராம். துறைமுகப் பக்கம் நடந்த ஏதோ ஒரு திறப்பு விழாவுக்கு, மூன்று மாதம் இருந்து, இந்த மாவட்டமே காணாத பெரிய கூடாரம் ஒன்றைத் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று, பிரமுகர் நாடாவை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்த அதே நேரத்தில், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் கொட்டியாரக் குடாவில் இறக்கிவிட்டது. கூடாரத்தோடு பன்னிரண்டு கதிரைகளும் போயின. ஒரு பிரமுகரும் போனார் என்று சொல்பவர்களும் உண்டு. நானா அதை மறுப்பதுமில்லை, ஒத்துக்கொள்வதுமில்லை. அன்றோடு கூடாரத்தை விட்டுவிட்டு சீற்றுக்கு வந்தார்.

"சீற்றுல ஆள் குந்திரிப்பான் தம்பி. காத்தால தூக்க ஏலா" என்று எனக்கு ஒருநாள் விளக்கினார். இதைவிட உறுதியான காரணத்தோடு தொழில் மாறிய ஒருவரை நான் கண்டதில்லை.

இனி என்னைப் பற்றி. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். சுபாவத்தில் பெரிய தைரியசாலி, மோட்டார் சைக்கிள் நிற்கும்போது. அது ஓடத் தொடங்கினால் என் தைரியம் இறங்கி வீதியோரத்தில் நின்றுவிடும். இது வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் நான் ஹெல்மட்டில் ஒரு சின்னக் கமராவைப் பூட்டிக்கொண்டு, 'புயல் வேகப் பயணம்' என்று இணையத்தில் ஒரு சானல் நடத்திக்கொண்டிருந்தேன். புயல் முப்பத்தைந்தில் போகும். படத்தில் அது தெரியாது. நிலாவெளிக்குப் போனேன், கன்னியாவுக்குப் போனேன், கிண்ணியாப் பாலம் மட்டும் போனேன், வானொலி அறிவிப்பாளர் மாதிரித் தொண்டையைத் தாழ்த்தி வர்ணனை செய்தேன்.

பதினொரு வீடியோ போட்டேன். ஒன்றிலும் நான் சொன்ன ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் காற்று. "ஐயா, அரிசி ஆலைக்குள்ள நிண்டா கதைக்கிறீங்க?" என்று ஒருவர் கீழே எழுதினார். அதற்குக் கீழே இன்னொருவர், அந்த ஆலை எங்கே இருக்கிறது, நெல் குத்திக் கொடுப்பார்களா என்று விசாரித்திருந்தார். என் மனைவி மட்டும் பதினொன்றையும் முழுதாகப் பார்த்தாள். "நீங்கள் கதைக்கிறது கேக்காமல் உங்களைப் பாக்கிறது நல்ல சுகமாயிருக்கு" என்றாள்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் காற்று எனக்கு ஒரு போர்வை. அதற்குக் கீழே நான் என்ன முனகினேன் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கனடாவிலிருந்து ஃபோன் வந்தது.

என் மகளுக்கும் கனடாவில் உள்ள ஒரு பையனுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு என்றால், அவர்கள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்; பெரியவர்கள் நாங்கள் பிறகு பேசினோம். பையனின் தாய் சம்மதம். தகப்பன்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர் மூதூருக்கு அங்கால் உள்ள கிளிவெட்டிக்காரர். பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

"உங்கட வீடியோ எல்லாம் பாத்தனான்" என்றார். "நல்ல வேகமா ஓடுவியள் போல."

"எண்பதுக்குக் குறைய ஓடினால் எனக்கு நித்திரை வந்திடும்" என்றேன். வாய்க்குப் பூட்டில்லாத பிறவி நான்.

"ஆனால் உங்கட குரல் எனக்கு இன்னும் கேக்கேல்லை. பிள்ளையின்ர தகப்பன் எப்பிடிப்பட்ட மனுசன் எண்டு குரலைக் கேட்டால் எனக்கு விளங்கும். ஒண்டு செய்யுங்கோவன். ரவுணிலயிருந்து எங்கட கிளிவெட்டி மட்டும் ஓடி, கதைச்சுக் கதைச்சு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கோ. படம் எங்கயும் பாக்கலாம். எனக்கு ஊர்ச் சத்தம் வேணும். அடுத்த ஞாயிறு சொந்தக்காரர் எல்லாம் எங்கட வீட்டில கூடினம். பெரிய ரீவியில போடுவம். அதைப் பாத்திட்டு என்ர முடிவைச் சொல்லுறன்."

ஃபோனை வைத்ததும் மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, என்ர வாழ்க்கை உங்கட மைக்கில தொங்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

நான் பதறினால் முறையாகப் பதறுகிறவன். முதல் நாள் மைக்குக்கு என்னுடைய காலுறையை மாட்டினேன். சத்தம் குறையவில்லை, ஹெல்மட்டுக்குள் என்னால் மூச்சுவிட முடியவில்லை. இரண்டாம் நாள் மனைவியின் பவுடர் பூசும் பஞ்சை வைத்துக் கட்டினேன். உப்புவெளி தாண்டும்போது முகம் முழுக்க வெள்ளையாகி, எதிரே வந்த பொலிஸ்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மூன்றாம் நாள் ஒட்டுநாடாவால் மைக்கைக் கன்னத்தில் ஒட்டினேன். கழற்றும்போது மீசையில் கால்வாசி அதனோடு வந்தது. மீதியை நானே எடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் சீற் கிழிந்தது. அதனால்தான் நானாவிடம் போனேன். அவர் ஸ்பொஞ் வெட்டிக்கொண்டிருக்க, நான் ஒரு மூலையில் நின்று ஃபோனில் என் வீடியோவைப் போட்டேன். காற்று இரைந்தது. நானாவின் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது.

"நிப்பாட்டுங்க அத!"

நிறுத்தினேன்.

"அவன்தான்" என்றார். "கச்சான். பாலத்துல எடுத்திரிக்கீங்க. வலது பக்கத்தால வந்திரிக்கான். ஒங்கட சேட்டுல கொலர்த் தெறி ஒண்டு பூட்டாம அடிச்சிக்கிட்டு இரிக்கி."

அந்தச் சட்டையின் கழுத்துப் பொத்தான் அறுந்து ஒரு மாதம். நான் வாயைப் பிளந்தேன். நானா என் சவரம் செய்த மேலுதட்டை இரக்கத்தோடு பார்த்தார். விஷயத்தை முழுக்கச் சொன்னேன்: மகள், கனடா, கிளிவெட்டி, ஞாயிற்றுக்கிழமை.

அவர் மெஷினை விட்டு எழுந்தார். "இருபது வரிசமா அவன்ட சத்தம் காதுல விழாம இரிந்தன். இப்ப ஒங்கட வாய்க்குள்ளயே வந்து குந்திட்டான். தாங்க அந்த ஹெல்மட்ட."

ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணரும் தன் நோயாளியை அப்படிப் பார்த்திருக்க மாட்டார். ஹெல்மட்டின் கன்னப் பஞ்சைக் கழற்றி, அதன் வயிற்றைப் பிளந்து, மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயின் ஓரத்தில் உள்ளே புதைத்தார். "நேர வெச்சா ஒங்கட மூச்சே அடிக்கும். கத ஓரத்தாலயும் வரும், மூச்சு நேராத்தான் போகும்." அதன்மேல் இரண்டு வகை ஸ்பொஞ். வயரை ஆடாமல் ஊசி நூலால் தைத்தார். நாடிக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு றெக்சீனில் ஒரு சின்னத் திரைச்சீலை. எல்லாவற்றுக்கும் மேலே மயிர் உள்ள துணி வேண்டும் என்றார். அவருடைய பேத்தியின் பொம்மைக் கரடியிடமிருந்து ஒரு காது வாங்கப்பட்டது. அதைக் கழுவிக் கடை மதிலில் காயப்போட்டிருந்தபோது வீதியால் வந்த மான் ஒன்று தின்றுவிட்டது. எங்கள் ஊர் மான்கள் சாப்பாட்டில் பேதம் பார்ப்பதில்லை. மற்றக் காதை நானா கையிலேயே பிடித்துக் காயவைத்தார்.

ரெக்கோடர் என் நெஞ்சுப் பைக்குள் போனது. எஞ்சின் சத்தத்துக்கு இன்னொரு மைக்கை, காற்றுப் படாத இடமாகப் பின் சீற்றுக்கு அடியில் ஒளித்தார். படமும் சத்தமும் பிறகு ஒன்றோடொன்று பொருந்தவேண்டுமே. அதற்காகப் புறப்படுமுன் கமராவுக்கு நேரே வந்து பெற்றோல் ராங்கில் கத்தரிக்கோலால் ஒரு தட்டு. அந்த 'டங்' என்ற சத்தத்தையும், தட்டும் படத்தையும் சேர்த்துவைத்தால் மற்றதெல்லாம் தன்பாட்டில் சேரும்.

எல்லாம் சரி. பரீட்சைதான் பயங்கரம்.

"மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அது சரிவராது" என்றார். "ஒண்டுக்குப் பொறகு ரெண்டு எண்டு என்ட காதுக்கு முன்னமே தெரியும். கேக்காட்டியும் கேட்ட மாதிரி இரிக்கும். வாய்ப்பாடு சொல்லுங்க. ஏழாம் வாய்ப்பாடு. நீங்க பிழையாச் சொல்லுவீங்க. அந்தப் பிழை எனக்கு விளங்கினா மைக் சரி."

"நான் பிழைவிடுவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஏழுல எல்லாரும் விடுவாங்க."

இப்படியாக, ஐம்பத்திரண்டு வயதில், கந்தோர் முடிந்து, கிண்ணியாப் பாலம் மட்டும் போய் வாய்ப்பாடு சொல்லித் திரும்பிவரும் வேலை எனக்கு வந்தது. முதல் நாள் நானா தலையில் ஒரு றெக்சீன் துண்டைப் போர்த்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, மேசையில் மல்லாந்து கிடந்து கேட்டார். ஒரு மணித்தியாலம் ஓட்டோக்காரர் ஒருவரும் கடைக்குள் மூச்சுவிட அனுமதிக்கப்படவில்லை. போர்வைக்குள்ளிருந்து, "ஓரேழு... ஈரேழு... அங்கால அவன்தான்" என்று குரல் வந்தது. ஸ்பொஞ் மாற்றினார். அடுத்த நாள் ஆறேழு வரைக்கும் கேட்டது. அதற்கடுத்த நாள் போர்வையை விலக்கி எழுந்தவரின் முகத்தில், கடலில் போன கூடாரம் திரும்பி வந்த மாதிரி ஒரு ஒளி.

"எல்லாம் கேக்குது தம்பி. ஒண்டு விடாம."

"அப்ப முடிஞ்சுது!"

"இல்ல. இஞ்ச பாருங்க."

ஒரு கறுப்பு றெக்சீன் துண்டில் சோக்கால் பாதை கீறியிருந்தார். சீனன்குடாவில் மாடு குறுக்கே வந்த இடத்தில் 'ஆறேழு நாப்பத்தெட்டு' என்று எழுதியிருந்தது. பஸ் முந்திய இடத்தில் 'ஐயேழு, ஐயோ'. பாலத்தின் நடுவில் 'எட்டேழு' என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"நீங்க கணக்குல மொக்கன் இல்ல. எங்க பயப்படுறீங்களோ அங்க பிழைக்கிறீங்க" என்றார். "பாலத்துல ஒரு சத்தம் வருது, கேளுங்க."

ஹெட்போனை என் காதில் மாட்டினார். ஹா... ஹா... ஹா... என்று கிணறு இறைத்து முடித்த மாடு மாதிரி எதுவோ இளைத்தது.

"இது காத்துத்தானே?" என்றேன் நம்பிக்கையோடு.

"காத்த நான் வெளியாக்கிட்டன். இது நீங்க."

அதற்குப் பிறகு, வெள்ளி மாதிரித் துலக்கமாக, என் குரல்: "பிள்ளையாரே, பிள்ளையாரே, லொறி, லொறி, இந்தப் பக்கம் வராதை ராசா." பின்னால் ஒரு சைக்கிள் மணி. யாரோ ஒருவர், "விலத்துங்கோ ஐயா, ரியூசன் வகுப்புக்குப் பிந்துது" என்று என்னை முந்திக்கொண்டு போனார்.

பதினொரு வீடியோவாக என்னைக் காப்பாற்றிவந்த போர்வையை இந்த மனிதன் உரித்துவிட்டார். இதைத்தான் எண்பதில் ஓடுகிறவனின் குரல் என்று கனடாவின் பெரிய ரீவியில் போடப்போகிறார்கள்!

"நானா, பழைய சத்தத்தையே திரும்ப வரப்பண்ண ஏலாதா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாக வேறொன்றும் கேட்டதில்லை.

அவர் ஹெட்போனைச் சுருட்டி வைத்தார். அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் கடைக்குப் போனால் நானா நிற்கிறார். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் தானே தைத்த கறுப்பு றெக்சீன் அங்கி. முகம் மூடிய ஹெல்மட். கையுறை. தபாலில் அனுப்பத் தயாராய்க் கட்டிய பார்சல் மாதிரி இருந்தார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாழ்நாளெல்லாம் மோட்டார் சைக்கிள் சீற் தைத்த அந்த மனிதன், ஓடும் மோட்டார் சைக்கிளில் ஒருமுறையும் ஏறியதில்லை. ஏறினால் காற்று நேருக்கு நேர் வந்து முகத்தில் நிற்குமே.

"நீங்கள் எங்கை வாறியள்?"

"பின்னால."

"நானா, அவன் இருப்பான்."

"தெரியும். அதுக்குத்தான் மூடிக்கட்டிக்கிட்டு வாறன். என்ன அவனுக்கு அடையாளம் தெரியக் கூடாது." சீற்றைக் கையால் இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார், தன் வேலையைத் தானே சோதிப்பதுபோல. "தனியப் போனா நீங்க பாலத்துல மூச்சு வாங்குவீங்க. நான் தைச்ச வேலையெல்லாம் பாழாப் போயிரும். நான் இரிந்தா பயத்த நான் பாத்துக்கிறன். நீங்க கதய மட்டும் பாருங்க."

ராங்கில் 'டங்' என்று தட்டினார். ஏறினார். இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்தார். அந்தப் பிடியை வைத்துப் பார்த்தால் பயத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளாகத் தெரியவில்லை.

சீனன்குடா மட்டும் நான் சிங்கம். "அன்பான நேயர்களே, இதோ இடது பக்கத்தில்..." என்று அறிவிப்பாளர் குரலில் ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு குத்து. "சாதாரணமாக் கதைங்க. தொண்டயத் தாழ்த்தினா சத்தம் பீப்பாக்குள்ள கேக்குது." சாதாரணமாகக் கதைத்தேன். மாட்டைக் கண்டேன், "மாடு" என்றேன். அவ்வளவுதான், பிழையில்லாமல் கடந்தோம்.

பிறகு பாலம் வந்தது.

கச்சான் அன்றைக்கு நல்ல உடம்போடு இருந்தான். ஏறி நூறடி போவதற்குள் வலது பக்கத்திலிருந்து ஒரு தள்ளு. எதிரே லொறி. பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. ஒரு சைக்கிள் மணியடித்து எங்களை முந்திப் போனது. என் வர்ணனை நின்றது. வாய் திறந்திருக்கிறது, ஒன்றும் வரவில்லை. மூச்சு 'ஹா' என்று தொடங்கப் போகிற நேரம், முதுகுக்குப் பின்னால் பார்சலுக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டு ஒரு குரல்.

"ஓரேழு?"

"என்ன?"

"ஓரேழு!"

"ஏழு!"

"ஈரேழு?"

"பதினாலு. நானா, பஸ்..."

"பஸ்ஸுக்கு பிரேக் இரிக்கி. மூவேழு?"

"இருபத்தொண்டு!"

இப்படியே ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் வந்துவிட்டோம். பாலத்தின் நடு. சோக்கால் ஒன்றும் எழுதப்படாத அதே இடம். காற்று எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு சாண் இடது பக்கம் நகர்த்தியது.

"எட்டேழு?"

எனக்குள் ஒன்றுமில்லை.

"எட்டேழு?"

"அம்பத்தி... நானா, லொறி!"

"லொறிக்கு அவன்ட பாதை இரிக்கி, ஒங்களுக்கு ஒங்கட பாதை இரிக்கி. எட்டேழு?"

"அம்பத்தாறு!"

"சத்தமா!"

"அம்பத்தாறு!"

அப்போது என் இடுப்பிலிருந்து ஒரு கை விலகியது. கண்ணாடியில் பார்த்தேன். நானா தன் ஹெல்மட்டின் முகமூடியைத் தூக்கிவிட்டு, வலது பக்கம் திரும்பி, குடாவைப் பார்த்துக் கத்தினார்.

"கேட்டியாடா? அம்பத்தாறு! இருபது வரிசம் உன்னோட கதைக்காம இரிந்தன். இப்பச் சொல்றன், அம்பத்தாறு! ஏலுமெண்டா இத அள்ளிக்கிட்டுப் போ!"

பாலம் முடிந்தது. இறங்கி ஓரமாக நிறுத்தினேன். நானா அங்கியைக் கழற்றி மடித்து மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டிக்குள் வைத்தார். "இனி என்னத்துக்கு? அவனுக்கு என்னத் தெரிஞ்சி போச்சி" என்றார்.

மூதூர் கடந்து கிளிவெட்டிக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வீதியின் இருபக்கமும் பச்சை வயல். நான் வர்ணிக்க வாயெடுத்தேன். "எஞ்சின நிப்பாட்டுங்க. கதைக்காதீங்க" என்றார் நானா. நிறுத்தினேன். வாய்க்காலில் தண்ணீர் போனது. தூரத்தில் ஒரு உழவு இயந்திரம். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நெல்லின் மேலாக ஒரு இரைச்சல் எழும்பி எங்களை நோக்கி வந்தது. நான் அவசரமாக மைக்கைப் பொத்தினேன்.

நானா என் கையை விலக்கினார். "விடுங்க. அது காத்து இல்ல, நெல்லு. அந்த மனுசன் கேட்டது இதத்தான்."

காற்றை அவர் மன்னித்தார் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த ஒரு நிமிடம் மட்டும் அதற்கு வேலை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கணினியில் 'டங்'கையும் படத்தையும் பொருத்தினாள். "பாலத்தை வெட்டு" என்றேன். பார்த்துவிட்டு, "வெட்டினால் பாலம் இல்லாமல் தண்ணிக்கு மேலாலயோ போனனீங்கள்?" என்றாள். "அப்ப அதுக்கு மேல ஒரு பாட்டைப் போடு." ஃபோனில் இருந்த நானா, "பாட்டப் போட்டா நான் தைச்சது என்னத்துக்கு? அப்பிடியே அனுப்புங்க மகள்" என்றார். நான் இன்னும் யோசிக்கவேண்டும் என்று குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் கணினியை மூடிவிட்டிருந்தாள்.

"அனுப்பிட்டன் அப்பா."

"பாலம்?"

"முழுசா."

நான் சீமெந்து நிலத்தில் மல்லாந்து படுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. மகளின் கலியாணம் ஏழாம் வாய்ப்பாட்டில் குழம்பியது என்று ஊர் காலத்துக்கும் சொல்லும். மனைவி என்னைத் தாண்டித் தாண்டிப் போய் வீட்டு வேலைகளைப் பார்த்தாள். அடுத்த நாள் விடியக் காலையில், அங்கே ஞாயிறு இரவாக இருக்கும்போது, வீடியோ அழைப்பு வந்தது. சம்பந்தியின் முகம். பின்னால் ஒரு அறை நிறையச் சனம்.

"எண்பதில ஓடுறவர் எண்டு சொன்னியள்" என்றார்.

நான் ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"உங்களை ஒரு சைக்கிள் முந்திப் போச்சு, கவனிச்சியளோ?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல!

பின்னாலிருந்த சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் பாலத்தில நிண்டு முழிக்கேக்கை இந்த அறையில முப்பது பேரும் ரீவியைப் பாத்து 'அம்பத்தாறு, அம்பத்தாறு' எண்டு கத்தினவை. என்ர பெடியன், தமிழில எண்ணத் தெரியாதவன், அவனும் கத்தினான். நெல்லுச் சத்தம் வந்த பிறகு ஒருத்தரும் கதைக்கேல்லை." கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "உண்மையா எண்பதில ஓடுற மனுசன் எண்டால் நான் யோசிச்சிருப்பன். இவ்வளவு பயத்தோடையும் எனக்காக எங்கட ஊர் மட்டும் போயிருக்கிறியள். அந்த வீட்டில பெண் எடுக்க எனக்கு முழுச் சம்மதம். அது சரி, பின்னால இருந்தவர் ஆர்? அவர் இல்லாமல் கலியாணம் இல்லை."

கலியாணத்துக்கு நானா வந்தார். வந்தவர் முதல் வேலையாக மண்டபத்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போனார். "வீடியோ எடுக்கிறாங்க, ஐயர் சொல்றது சுத்தமா விழட்டும்" என்று எல்லோருக்கும் பொதுவாக விளக்கம் சொன்னார். மாப்பிள்ளையின் பட்டுவேட்டி பிழியலாம் போல் நனைந்தது. ஆனால் அந்த வீடியோவில், தாலி கட்டும்போது என் மகள் மெல்ல மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்கும். பக்கத்தில் நான் உறிஞ்சுவது அதைவிட நன்றாகக் கேட்கும்.

இப்போது உட்துறைமுக வீதியில் அந்தக் கடை இல்லை. நானா தன் மகளோடு இருக்கப் புத்தளம் பக்கம் போய்விட்டார். இரண்டு மாதத்துக்கு என்று போனவர். ஒன்றரை வருடம் ஆகிறது. காற்றோடு சண்டைபிடித்தவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். அங்கே கடற்கரை நெடுகக் காற்றாலைகள். "தம்பி, இஞ்ச அவனப் புடிச்சிக் கட்டி வெச்சி கரண்ட் எடுக்கிறாங்க" என்று போன புதிதில் சந்தோஷமாக ஃபோனில் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். "நல்ல தண்டனை. பின்னேரத்துல போய்க் குந்தியிருந்து பாக்கிறன்."

இப்போதும் அவர் குரல் அனுப்புவார். பின்னால் அத்தனை காற்றாலை சுற்றும்போதும் ஒரு இரைச்சல் இருக்காது. என்னத்தைப் போர்த்துக்கொண்டு பேசுகிறாரோ! நலம் விசாரிக்க மாட்டார். ஒரு சொல்தான் இருக்கும்: "எட்டேழு?"

நான் இப்போது பாலத்தைத் தனியாகவே கடக்கிறேன். நாற்பத்தைந்தில்கூடப் போயிருக்கிறேன். ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழாகப் பாடம். இருந்தும் அவருக்கு, "ஐம்பத்தேழு" என்றுதான் பதில் அனுப்புவேன். சரியாகச் சொன்னால் அவர் பேசாமல் இருந்துவிடுவார். பிழையாகச் சொன்னால் உடனே ஃபோன் எடுப்பார்.